பூட்டிய கோபுரம்

ஏரியின் நடுவே நிற்கும் கின்லாக் ஹோல்ட் என்னும் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கதவு இருக்கிறது. 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற கணினி விளையாட்டில் நாம் அந்தக் கோபுரத்துக்குள் நுழையும்போது, மந்திரவாதிகளைக் காவல்காக்கும் டெம்ப்ளர் வீரர்கள் அதை வெளிப்புறமாகப் பூட்டிவிட்டுக் காவல் நிற்கிறார்கள். உள்ளே இருந்த மந்திரவாதிகளில் சிலர் பேய்களின் பிடியில் சிக்கி உருமாறிப்போனார்கள். மற்றவர்களும், சிறுபிள்ளைகள் உட்பட, அதே கதவுக்கு அந்தப்புறம் அகப்பட்டிருக்கிறார்கள். வீரர்களின் தளபதியான கிரெகோர், கோபுரத்தில் உள்ள அத்தனை பேரையும் கொல்வதற்கான அனுமதியைக் கேட்டுத் தலைநகருக்கு ஆளனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.

2012ஆம் ஆண்டு அந்த விளையாட்டை முதன்முதலாக ஆடியபோது நான் தளபதியின் பக்கம் நின்றேன். வின் என்ற மூத்த மந்திரவாதி, தன் பின்னால் ஒண்டியிருந்த பிள்ளைகளுக்கு அரணாக நின்றுகொண்டு, உயிரோடு மிஞ்சியவர்களைக் காப்பாற்ற உதவும்படி கேட்டார். எல்லாரையும் முடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று பொருள்படும் பதிலை நான் தேர்ந்தெடுத்தேன். அவர் எதிர்த்து எழுந்தார். அவரை வீழ்த்திவிட்டு மேலே ஏறினேன். அன்று அது எனக்குக் கடினமான, ஆனாலும் பொறுப்புள்ள முடிவாகவே தோன்றியது. ஒருவருடைய உடலில் பேய் புகுந்திருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லாதபோது, ஊரைக் காக்கக் கடமைப்பட்டவர் வேறு என்னதான் செய்வார் என்று நினைத்தேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில், அந்த முடிவைப் பற்றி நானும் என் தம்பியும் பல இரவுகள் வாதாடினோம். அவன் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியன். பணி முடிந்து வந்து, தனி அறையில் ஒதுங்கியிருந்த நாட்களில் என் மடிக்கணினியில் அந்த விளையாட்டை ஆடினான். அவனும் தளபதியின் பக்கம்தான் நின்றிருந்தான், அதுவும் என்னைவிட வலுவான காரணங்களோடு. "மூர்க்கமாயிட்ட ஒருத்தர நாலு பேர் சேர்ந்து பிடிச்சுக் கட்டியிருக்கேன்க்கா. கட்டாம விட்ட ஒருநாள் என்ன ஆச்சுன்னும் பாத்திருக்கேன்" என்றான் கதவுக்கு அப்பால் நின்றபடி. அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் மனம் மாறியிருந்தேன். ஆனால் ஏன் மாறினேன் என்பதை அவனிடம் சொல்லும் அளவுக்கு எனக்கே அது தெளிந்திருக்கவில்லை. அந்தத் தெளிவை எட்ட முயன்றதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009ஆம் ஆண்டு தொடங்கிவைத்த இந்த விளையாட்டு வரிசையின் உலகத்துக்குத் தீடஸ் என்று பெயர். அங்கே மந்திர ஆற்றல் பிறப்பிலேயே வருகிறது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வெளிப்பட்ட பிள்ளையைச் சான்ட்ரி என்னும் திருச்சபையின் ஆட்கள் பெற்றோரிடமிருந்து பிரித்து, சர்க்கிள் எனப்படும் மந்திரவாதிகள் கோபுரத்தில் சேர்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அந்தக் கோபுரமே வீடு. பட்டமோ நிலமோ வாரிசுரிமையாக வராது. கோபுரத்துக்குள் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால், அதையும் திருச்சபை எடுத்துக்கொள்கிறது. பேரப்பிள்ளைகள் இருக்கவேண்டிய வயதில், தன் மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் வாழும் வின் அதற்கு ஒரு சாட்சி. இத்தனைக்கும் திருச்சபை கூறும் ஆதாரம் ஒரே வாசகம்தான்: மந்திரம் மனிதருக்கு ஊழியம் செய்யவேண்டும், மனிதரை ஆளக் கூடாது.

இந்த ஏற்பாடு நீதியானதா என்று கேட்பவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, அங்கே ஆபத்து கற்பனையானது இல்லை என்பதை. உறங்கும்போது எல்லா மனிதரின் மனமும் ஃபேட் என்ற கனவுலகத்துக்குப் போகிறது; மந்திரவாதி மட்டும் அங்கே விழித்திருக்கிறான், அங்குள்ள பேய்களும் அவனை அடையாளம் கண்டுகொள்கின்றன. பயத்திலோ துக்கத்திலோ அவன் ஒருமுறை இசைந்துவிட்டால், விழித்தெழுவது அவனாக இருக்காது. வடக்கே டெவின்டர் பேரரசில் மந்திரவாதிகளே ஆட்சியாளர்கள். அடிமைகளின் குருதியைக்கொண்டு மந்திரம் செய்து வளர்ந்த அரசு அது. ஆக, தம்பி சொன்னதுபோல, டெம்ப்ளர்களின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவோரில் பலர் மந்திரவாதிகளை உடனே ஒடுக்கப்பட்ட மக்களோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு எனக்கு நெருடலாகவே இருந்துவருகிறது. நம் பக்கத்தில் இதற்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு, மக்கள் 'ரேகைச் சட்டம்' என்று அழைத்த குற்றப் பரம்பரையினர் சட்டம். 1871ஆம் ஆண்டு வெள்ளையர் கொண்டுவந்த அந்தச் சட்டம் பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று பதிவுசெய்தது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920ஆம் ஆண்டு பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சர்க்கிளில் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் சிறிது குருதி எடுத்து ஒரு குப்பியில் அடைத்துவைக்கிறார்கள் என்பதையும், தப்பியோடினால் அந்தக் குப்பியைக் கொண்டே டெம்ப்ளர்கள் வேட்டையாடுகிறார்கள் என்பதையும் அறிந்தபோது, எனக்கும் ரேகைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ரேகை வைத்தவர்களிடம் பிறவிக் குற்றம் எதுவும் இருக்கவில்லை. அது ஆள்பவர்கள் புனைந்த பொய். தீடஸின் மந்திரவாதியிடம் இருப்பதோ உண்மையான நெருப்பு. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு மந்திரவாதிகளுக்காக வாதாடுவது, நிஜத்தில் ஒடுக்கப்பட்டவர்களை நிஜமாகவே ஆபத்தானவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவதாகிவிடும். ஆகவே என் வாதம் ஆபத்து உண்மையானது என்ற இடத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

தொடக்கக் காலத்துச் சர்க்கிளைப் பற்றி விளையாட்டுக்குள் வரும் வரலாற்றுக் குறிப்பு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அப்போது மந்திரவாதிகள் கோபுரத்தில் அடைபட்டிருக்கவில்லை. திருச்சபையின் தலைமைப் பேராலயத்தில் விளக்குகளை எரியவைப்பதும் தூசியைப் போக்குவதும் மட்டுமே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட மந்திரங்கள். ஒருநாள் அவர்கள் விளக்குகளை அணையவிட்டுவிட்டு, பாடகர் குழுவின் மேல்மாடத்தில் ஏறிக் கதவடைத்துக்கொண்டார்கள். தலைவி இரண்டாம் ஆம்ப்ரோசியா தன் சொந்தப் பேராலயத்தின் மீதே புனிதப் போர் தொடுக்கத் துணிந்தார். அவருடைய டெம்ப்ளர்களே அதைத் தடுத்துப் பேசினார்கள். 21 நாட்கள் விளக்கு எரியவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் கத்திப் பேசியே பேச்சுவார்த்தை நடந்ததாம். முடிவில், தலைநகருக்கு வெளியே ஒரு கோட்டையில் தங்கள் மூத்தோர் அவையின் பொறுப்பிலும் டெம்ப்ளர்களின் கண்காணிப்பிலும் வாழ்ந்துகொள்ள மந்திரவாதிகள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு போனார்கள். அதாவது, சர்க்கிள் சிறைச்சாலையாகப் பிறக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஓர் உடன்படிக்கையாகவே பிறந்தது. அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைமுறைக்கு விருப்பம் என்ற ஒன்று இருந்தது. அவர்களுக்குப் பின் அந்தக் கோட்டைகளுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

என் மனத்தை மாற்றியது கானர் என்னும் சிறுவனின் கதை. ரெட்கிளிஃப் ஊரின் பிரபுவுக்கும் இசோல்ட் அம்மையாருக்கும் ஒரே மகன் அவன். அவனிடம் மந்திரம் தலைகாட்டியதும் தாய் நடுங்கிப்போகிறாள். வெளியே தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள், வாரிசுரிமையும் போய்விடும். ஆகவே கணவனிடம்கூடச் சொல்லாமல், தன் ஆற்றலை மறைத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மந்திரவாதியை இரகசியமாக வேலைக்கு அமர்த்துகிறாள். அப்படி வந்த ஜோவன், சர்க்கிளிலிருந்து தப்பியோடிவந்தவன். சர்க்கிளோடு உனக்குள்ள வழக்கை நான் தீர்த்துவைக்கிறேன் என்று பிரபுவின் எதிரி ஆசைகாட்டியதும் பிரபுவுக்கு நஞ்சு வைக்கிறான். தந்தை சாகக்கிடப்பதைக் கண்ட சிறுவன், அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று கனவில் வந்த பேயிடம் இசைந்துவிடுகிறான். அடுத்தடுத்த இரவுகளில் செத்தவர்கள் எழுந்துவந்து ஊராரை வெட்டுகிறார்கள்.

"பாத்தியா, ஒரு சின்னப் பையன். ஒரு ஊரே போச்சு" என்று தம்பி இதையே தன் முதல் சான்றாக வைத்தான். சர்க்கிளுக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது என்பது அவன் வாதம். அது சரிதான். ஆனால் அவள் ஏன் அனுப்பவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் தெருவிலேயே இருந்தது. அந்த ஆண்டில் கொரோனா தொற்று உறுதியான வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள். எதிர்ச்சாரியில் மூன்றாவது வீட்டில் அப்படி அடித்த தகரத்துக்குப் பின்னால் ஒரு முதிய தம்பதி இரண்டு வாரம் இருந்தார்கள். பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்த தெருவில் அதற்குப் பிறகு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. உண்மையில் வந்தது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, இருமலைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த ஒருவர், மூச்சுத்திணறல் முற்றும்வரை தகரத்துக்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஆம்புலன்ஸில் போனார். தொற்று உண்மையானது, தனிமைப்படுத்துவதும் தேவைதான். ஆனால் தகரம், தான் தடுக்க நினைத்த தொற்றையே வீட்டுக்குள் ஒளித்துவைத்து வளர்த்தது.

இசோல்ட் செய்ததும் அதுவே. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம், வளர்ந்து தேறியபின் அவன் வீடு திரும்பலாம் என்ற நிலை இருந்திருந்தால், அவளே கையைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருப்பாள். ஜோவனின் கதையும் இதே கண்ணியில் கோத்ததுதான். அவன் தப்பியோடியதே சர்க்கிள் அவனுக்கு விதிக்கவிருந்த ஒரு தண்டனைக்கு அஞ்சி. சர்க்கிளுக்குப் பயந்து மறைத்த தாயும் சர்க்கிளுக்குப் பயந்து ஓடிய இளைஞனும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தபோதுதான் ரெட்கிளிஃப் எரிந்தது. சர்க்கிளின் தேவைக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்தப் பேரழிவில் சர்க்கிளின் பங்கு பாதி.

ஜோவன் அஞ்சி ஓடிய அந்தத் தண்டனையை ஆங்கிலத்தில் 'அமைதி' என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் சாந்தப்படுத்துதல் எனலாம். கனவுலகில் ஒரு பேயை எதிர்கொண்டு மீளவேண்டும் என்பது சர்க்கிளின் ஒவ்வொரு மாணவருக்கும் வைக்கப்படும் சோதனை. அதைத் தாங்கமாட்டார் என்று கருதப்படுபவருக்கும், எதிர்கொள்ள மறுப்பவருக்கும் சாந்தப்படுத்துதல் செய்யப்படுகிறது. கனவுலகத்தோடு அவருக்குள்ள தொடர்பு அறுக்கப்படுகிறது. நெற்றியில் சூரிய முத்திரை சூட்டுக்கோலால் பதிக்கப்படுகிறது. அதன்பின் அவருக்கு மந்திரமும் இல்லை, கனவும் இல்லை, மகிழ்ச்சியோ துயரமோ எதுவும் இல்லை. சொன்ன வேலையைத் திருத்தமாகச் செய்வார். கின்லாக் கோபுரம் முழுவதும் பேய்கள் வெறியாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது, ஓவன் என்ற சாந்தர் ஒருவர் கிடங்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். வெளியேற முயன்றேன், வழி அடைபட்டிருந்தது, ஆகவே வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்கிறார். பேய்களைவிட அந்தக் குரல்தான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

சாந்தர்களிடம் கேட்டால் தங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். திருச்சபையும் அதையே சான்றாகக் காட்டுகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் கார்ல் என்பவர் வருகிறார். சோதனையில் தேறியவர், அப்படித் தேறியவரைச் சாந்தப்படுத்துவது திருச்சபையின் விதிக்கே புறம்பானது. கிர்க்வால் நகரத்து டெம்ப்ளர்கள் இருந்தும் அதைச் செய்துவிட்டார்கள். அவருடைய நண்பர் ஆண்டர்ஸின் உடலில் குடியிருக்கும் ஓர் ஆவி வெளிப்படும்போது, சில நிமிடங்களுக்குக் கார்லுக்கு உணர்வு திரும்புகிறது. அந்தச் சில நிமிடங்களில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: மறுபடியும் அந்த நிலைக்குப் போவதற்கு முன் என்னைக் கொன்றுவிடு. குறை சொல்லும் உறுப்பையே அறுத்தெடுத்துவிட்டு, குறையில்லை என்று அவர் சொல்வதை வாக்குமூலமாக ஏற்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. அதே கிர்க்வாலில் மேடக்ஸ் என்ற இளைஞன் சாந்தப்படுத்தப்பட்டது, தன் காதலிக்கு இரகசியமாகக் கடிதம் அனுப்பிய குற்றத்துக்காக. எந்தப் பேயைத் தடுப்பதற்காக அது செய்யப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்தைத் தடுக்கும் கருவி ஒழுக்கத்தை அடக்கும் பிரம்பாக மாறுவதற்கு எத்தனை தலைமுறை பிடித்ததோ தெரியாது, மாறிவிட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பாகத்தில், டெம்ப்ளர்களுக்கும் மேலே இருக்கும் சீக்கர்கள் என்ற அமைப்பைச் சேர்ந்த கசாண்ட்ரா, தன் அமைப்பின் இரகசிய ஏட்டைப் படிக்கிறாள். சாந்தப்படுத்தியதை மீட்க முடியும் என்றும், அவர்களின் தலைவர்கள் அதைத் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்காக, மீளவே முடியாது என்று சொல்லிச்சொல்லி நெற்றியில் முத்திரையிட்டிருக்கிறார்கள். ஆபத்தைக் காட்டி அதிகாரம் பெற்ற ஒரு நிறுவனம், அந்த ஆபத்துக்கும் தன் மருந்துக்கும் தொடர்புடைய உண்மைகளை மறைக்கும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. சர்க்கிளுக்காகப் பேசுவோரிடம் இதற்கு மட்டும் நான் ஒரு நல்ல விடையைக் கேட்டதே இல்லை.

காவலர்களின் நிலையும் மேலானதில்லை. டெம்ப்ளர்களுக்கு மந்திரத்தை முறிக்கும் வலிமை லிரியம் என்ற கனிமத்தை உட்கொள்வதால் வருகிறது. அது அடிமையாக்கும், நாளடைவில் நினைவைத் தின்றுவிடும். அதன் விநியோகம் திருச்சபையின் கையில். மேடக்ஸின் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த சாம்சன் என்ற டெம்ப்ளர், வேலையை இழந்து, கிர்க்வாலின் சந்துகளில் அந்தத் தூளுக்காகக் கையேந்தி நிற்கிறான். இரக்கம் காட்டிய ஒரே காவலனுக்கு நேர்ந்த கதி அது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்திருப்பார்கள்.

கிர்க்வாலின் முடிவைப் பற்றித்தான் நானும் தம்பியும் மிக நீண்ட நேரம் சண்டையிட்டோம். ஆண்டர்ஸ் அந்த நகரத்தின் ஆலயத்தைத் தகர்க்கிறான். மூத்த மதகுரு எல்தினாவும் உள்ளிருந்தவர்களும் மாண்டுபோகிறார்கள். ஆண்டர்ஸ் அந்த நகரத்துச் சர்க்கிளைச் சேர்ந்தவனே இல்லை. ஆனாலும் தளபதி மெரிடித் அந்த நொடியே சர்க்கிளில் உள்ள அனைவரையும் கொல்ல ஆணையிடுகிறாள். அந்த உரிமையைக் கோருவதற்கு மூத்த மதகுருவின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. 700 ஆண்டுகளில் 17 முறை அது பயன்பட்டிருக்கிறது என்று முதல் பாகத்தின் குறிப்பு ஒன்று கூறுகிறது. ஒப்புதல் தரவேண்டியவர் இப்போது உயிரோடு இல்லை. கேட்க ஆளில்லாததால் மெரிடித் தானே எடுத்துக்கொண்டாள். இத்தனை கனமான அதிகாரத்துக்கு ஒரே ஒரு முதியவளின் மனசாட்சிதான் தாழ்ப்பாளாக இருந்திருக்கிறது.

மெரிடித்தை நான் அரக்கியாகப் பார்க்கவில்லை. அவளுடைய சகோதரி மந்திர ஆற்றலோடு பிறந்தவள்; குடும்பம் அவளை மறைத்துவளர்த்தது; ஒருநாள் பேய் புகுந்து குடும்பத்தையே கொன்றது. அந்தத் துயரத்திலிருந்து, இரக்கம் கொல்லும் என்ற பாடத்தை மெரிடித் எடுத்துக்கொண்டாள். கானரின் கதையை அறிந்தவர்கள் அதே துயரத்திலிருந்து வேறொரு பாடத்தையும் எடுக்கலாம்: அவள் வீட்டாரும் எதற்கோ பயந்துதானே அந்தச் சகோதரியை மறைத்தார்கள்?

இங்கே விளையாட்டை உருவாக்கியவர்கள் மீது எனக்கு உண்மையான மனத்தாங்கல் உண்டு. சர்க்கிளின் தலைவர் ஒர்சினோவின் பக்கம் நாம் நின்றாலும், கடைசியில் அவர் குருதி மந்திரம் செய்து பிணங்களால் ஆன ஓர் உருவாக மாறிவிடுகிறார். மெரிடித்துக்கோ சிவப்பு லிரியத்தால் சித்தம் கலங்கிவிடுகிறது. இருவரும் இப்படி ஆகிவிடுவதால், நிதானமான தளபதியும் நிதானமான மந்திரவாதியும் இருந்திருந்தால் அந்த ஏற்பாடு நீதியானதாக இருந்திருக்குமா என்ற கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. என் விடை, இருந்திருக்காது என்பதுதான். கிரெகோர் நிதானமானவர்தான், கின்லாக்கின் தலைமை மந்திரவாதி இர்விங்கும் நிதானமானவர்தான். இருந்தும் ஜோவன் சாந்தப்படுத்தப்படுவதற்கான ஆணைக்கு இருவருமே தடையாக நிற்கவில்லை. ஜோவன் குருதி மந்திரம் செய்தவன் என்பது உண்மை. தன் தரப்பைச் சொல்ல அவனுக்கு ஓர் அவை இருக்கவில்லை என்பதும் உண்மை.

மாற்று வழியே இல்லை என்பது தம்பியின் அடுத்த வாதம். டெவின்டரில் மந்திரவாதி எசமானன். குனாரி மக்களிடையே அவன் வாய் தைக்கப்பட்டு, சங்கிலியில் பிணைக்கப்பட்ட விலங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் சர்க்கிள் எவ்வளவோ மேல் என்றான். ஆனால் தீடஸிலேயே வேறு வழிகளும் இருக்கின்றன. மலைவாழ் ஆவ்வர் குடிகள், ஆற்றல் வெளிப்பட்ட பிள்ளைக்கு ஓர் ஆவியையே ஆசானாக வரவழைக்கிறார்கள். கற்றுமுடித்ததும் ஒரு சடங்கின் வழியாக அதை முறையாக வழியனுப்புகிறார்கள். ரிவைன் நாட்டில் பெண் குறிசொல்லிகள் தலைமுறை தலைமுறையாக ஆவிகளோடு பழகி ஊருக்கு வழிகாட்டிவந்தார்கள். அங்கிருந்த டேர்ஸ்மூயிட் சர்க்கிள் பெயரளவுக்கே சர்க்கிள். மந்திரவாதிகள் தங்கள் குடும்பத்தோடு கலந்து பழகினார்கள், பெண்கள் அந்தப் பழைய முறையிலேயே பயின்றார்கள். சீக்கர்கள் வந்து அதைக் கண்டபோது, ஊர் எரியவில்லை. அனைவரையும் கொல்லும் உரிமையை அங்கேயும் பயன்படுத்தினார்கள். மாற்று வழி இல்லை என்று சொல்லும் நிறுவனமே மாற்று வழிகளை அழித்துக்கொண்டிருந்தது.

தம்பி அன்று இரவு நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு தன் பணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், பேய் பிடித்தவர்கள் என்றும் பித்துப் பிடித்தவர்கள் என்றும் கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிப்போனார்கள். செவிலியர் படிப்பின் முதல் ஆண்டில் ஆசிரியர் அதைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினாராம். இன்றைக்கு நடப்பில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியிடக் கூடாது. தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் ஒருவரைச் சேர்ப்பதானால், இரு வல்லுநர்கள் தனித்தனியே பார்த்திருக்கவேண்டும். முதலில் 30 நாட்கள்தான். அதை எதிர்த்து மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். கட்டவேண்டிய நிலை வந்தால் எதற்காக, எவ்வளவு நேரம் என்று எழுதிவைக்கவேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கட்டக் கூடாது. இவையெல்லாம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கின்றன என்று அவன் சொல்லவில்லை. ஆனால், "நான் கட்டுறப்போ எனக்கு மேல ஒரு கண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. கிரெகோருக்கு மேல யாரு?" என்று அவனே கேட்டான்.

நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்வியைத்தான். சர்க்கிள் அநீதியானது என்று நான் சொல்வது, அது மந்திரவாதிகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்காக இல்லை. காலவரம்பு இல்லாமலும், மேல்முறையீடு இல்லாமலும், கட்டுப்படுத்தப்படுபவர் பேசும் ஒரு சொல்லுக்கும் எடை இல்லாமலும் கட்டுப்படுத்துகிறது என்பதற்காகவே. அங்கே மந்திரவாதியின் ஒவ்வொரு கனவுக்கும் சோதனை உண்டு. காவலனின் வாளுக்குச் சோதனை இல்லை. குருதிக் குப்பி மந்திரவாதிக்கு மட்டும்தான்.

அதற்காகச் சர்க்கிளை உடைத்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் சர்க்கிளுக்காக வாதாடும் விவியன், தானே ஒரு மந்திரவாதி; பயிற்சியும் பாதுகாப்பும் தரும் ஓரிடம் இல்லாவிட்டால், மிரண்ட ஊரார் கையில் முதலில் சாகப்போவது மந்திரம் பெற்ற பிள்ளைகள்தான் என்கிறாள். அவளை ஆணவக்காரி என்று ஒதுக்குவது எளிது; அவள் சொன்னதில் பெரும்பகுதி நடந்தது. இன்னும் கொடுமையானதும் நடந்தது. மந்திரவாதிகள் கிளர்ந்தெழுந்து கோபுரங்களைவிட்டு வெளியேறியபோது சாந்தர்களை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. மறைந்திருக்கும் பொருள்களைக் கண்டுபிடிக்கும் கருவிகள் செய்வதற்காக, டெவின்டரின் ஒரு கும்பல் அவர்களைத் தேடித்தேடிக் கொன்று மண்டையோடுகளை எடுத்துக்கொண்டது. விளையாடுபவர்கள் மலையுச்சிகளில் அந்த மண்டையோடுகளின் கண்வழியே பார்த்துப் புதையல் தேடுகிறோம். அவை யாருடையவை என்பது மெதுவாகத்தான் தெரியவருகிறது. சிறையை எதிர்த்தவர்களும் தங்களுள் மிகவும் சிதைக்கப்பட்டவர்களை விட்டுவிட்டே போனார்கள்.

முதல் ஆட்டத்தைப் பற்றித் தம்பியிடம் நான் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. அன்று கின்லாக் கோபுரத்தில் எல்லாரையும் முடித்துவிட்டு நான் நேராகப் போனது ரெட்கிளிஃபுக்கு. கானருக்குள் பேய் இருந்தது. அவனைக் கொல்லாமல் விடுவிக்கவேண்டுமானால் மந்திரவாதி ஒருவர் கனவுலகத்துக்குள் நுழைந்து அந்தப் பேயைக் கொல்லவேண்டும். அப்படி ஒருவரை அனுப்பிவைக்கும் சடங்குக்குப் பல மந்திரவாதிகள் சேர்ந்து உழைக்கவேண்டும். கின்லாக் கோபுரத்து மந்திரவாதிகளை அழைத்துவந்தால் ஒருவரும் சாகாமல் அதைச் செய்துமுடிக்கலாம். எனக்கு அழைத்துவர யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எஞ்சியது இரண்டு வழிகள்: சிறுவனை வெட்டுவது, அல்லது நிலவறையில் கிடந்த ஜோவனைக் கொண்டு, ஒருவருடைய உயிரை முழுதாகக் குடிக்கும் குருதி மந்திரத்தைச் செய்விப்பது. இசோல்ட் தானே முன்வந்தாள். குருதி மந்திரத்துக்குப் பயந்து ஒரு கோபுரத்தையே அழித்துவிட்டு வந்த நான், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக, அவன் தாயின் குருதியை எடுத்துக்கொள் என்று ஜோவனிடம் சொன்னேன்.